உயுனி போகிறீர்களா? ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்து பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்

பொலிவியாவின் உயுனி உப்புவெளியைப் பார்க்கப் போகும் நம்மவர்கள் யாராக இருந்தாலும் இதைப் படித்துவிட்டுப் போங்கள். 2018 ஜூலையில் நானும் தம்பியும் போனோம். போன பணத்தைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. தம்பியின் உயிரோடு விளையாடினார்களே, அதைத்தான் இன்னும் பொறுக்க முடியவில்லை.

உயுனியில் ஃபெரோவியாரியா சாலை நெடுகச் சுற்றுலா ஏஜென்சிகள். பெரும்பாலும் எல்லாக் கடையிலும் விற்பது அதே மூன்று நாள் பயணம்தான். முதல் நாள் பழைய ரயில்கள் கைவிடப்பட்டுக் கிடக்கும் ரயில் கல்லறை, கொல்சானி கிராமம், 10,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்து கிடக்கும் உப்புவெளி, நடுவில் கள்ளிகள் நிற்கும் இன்காவாசி தீவு. அப்புறம் தெற்கே ஏறி ஏரிகளும் வெந்நீர் ஊற்றுகளும். நாங்கள் நுழைந்த கடையில் இருந்த பெண்மணி நல்ல ஆங்கிலம் பேசினார். வண்டியில் ஆறு பேர்தான், டிரைவருக்கு ஆங்கிலம் தெரியும், சைவச் சாப்பாடு, ஸ்லீப்பிங் பேக், ஆக்சிஜன் என்று நாங்கள் கேட்ட ஒவ்வொன்றுக்கும் உண்டு, உண்டு என்றார். தலைக்கு 1,100 பொலிவியானோ, அன்றைய கணக்கில் கிட்டத்தட்ட 11,000 ரூபாய். தெற்கே அந்த ஏரிகள் இருக்கும் வனவிலங்குக் காப்பகத்துக்குள் நுழைய 150 பொலிவியானோ தனி. ரசீதில் எங்கள் பெயரும் தேதியும் தொகையும் மட்டும் இருந்தன. அதை நான் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அங்கேயே நிறுத்திக் கேட்டிருக்க வேண்டும்.

மறுநாள் காலை வந்த லேண்ட் குரூசரின் கதவில் வேறொரு ஏஜென்சியின் பெயர். ஆள் சேராவிட்டால் ஒரு கடைக்காரர் தன் பயணிகளை இன்னொருவர் வண்டியில் ஏற்றிவிடுவது அந்த ஊர் வழக்கம். அதில் தப்பு இல்லை, நல்ல ஏஜென்சிகளும் செய்கிறார்கள். ஆனால் நமக்குக் கொடுத்த வாக்கு வண்டிக்காரருக்குத் தெரியாது. ஏழு பேரை அடைத்தார்கள். டிரைவருக்கு ஸ்பானிஷ் தவிர ஒரு சொல் தெரியவில்லை. சைவச் சாப்பாடு என்று சூப்பிலிருந்து கோழித்துண்டுகளை எடுத்துவிட்டு நீட்டினார்கள். ரொட்டியும் வாழைப்பழமும் தின்று சமாளித்தோம்.

இரண்டாம் நாள் இரவு லகூனா கொலராடா என்ற ஏரியின் பக்கம் ஒரு சத்திரம். உயரம் சுமார் 4,300 மீட்டர். தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய 60 விழுக்காடுதான். லா பாஸ் நகரத்தில் ஒரே நாள் தங்கிவிட்டு, உடம்பை உயரத்துக்குப் பழக்காமல் இங்கே வந்தது எங்கள் தவறு, மறைக்கவில்லை. தண்ணீர் வாளியில் உறையும் குளிர், ஸ்லீப்பிங் பேக் கிடையாது. பதினொரு மணி வாக்கில் தம்பி வாந்தியெடுத்தான். தலையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, மூச்சு உள்ள போக மாட்டேங்குது" என்றான். டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் உதடு நீலம் பாரித்திருந்தது.

டிரைவரை எழுப்பினேன். வண்டியின் பின்கதவைத் திறந்தார். ஸ்டெப்னிக்கும் பெட்ரோல் கேனுக்கும் நடுவே சிலிண்டர் இருக்கத்தான் செய்தது, பச்சை நிறத்தில், மேலெல்லாம் உப்புத்தூள். வால்வைத் திருகினார். ஒரு சத்தமும் இல்லை. மீட்டரின் முள் சுழியத்தில் படுத்திருந்தது. "நோ ஐ" என்றார். இல்லை என்று அர்த்தம். அவ்வளவுதான், திரும்பிப் போய்ப் படுத்துவிட்டார்.

பக்கத்து அறையில் வேறொரு குழுவோடு வந்திருந்த டிரைவர்தான் தம்பியைக் காப்பாற்றினார். தன் சிலிண்டரைக் கொண்டுவந்து முகமூடியை மாட்டி, விடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். சத்திரத்துச் சமையல்கார அம்மா கோகா இலைத் தேநீர் போட்டுப் போட்டுக் கொடுத்தார். காசு நீட்டினேன், இருவருமே வாங்கவில்லை.

காலையில் எங்கள் டிரைவர் சோல் தெ மன்யானா வெந்நீர் ஊற்றுகளுக்குப் புறப்பட்டார். அது 4,800 மீட்டருக்கும் மேலே. மலைநோய் வந்தவனை இன்னும் மேலே கொண்டுபோகக் கூடாது, கீழே இறக்குவதுதான் மருந்து. எவ்வளவு சொல்லியும் அவர் கேட்கவில்லை. உயுனிக்குத் திரும்பும் ஒரு வண்டியில் 600 பொலிவியானோ கொடுத்து இறங்கினோம். கீழே வர வர அவன் முகத்தில் நிறம் திரும்பியது.

கடைக்குப் போனால் அதே பெண்மணி, "வண்டி எங்களுடையது இல்லை" என்றார். பணத்தைத் திருப்பித் தர முடியாது என்றார். அங்கே பயணிகள் பெரும்பாலும் மூன்றாம் நாளே சிலி எல்லையைத் தாண்டிவிடுவார்கள், அல்லது அன்றிரவே லா பாஸ் பஸ் ஏறிவிடுவார்கள். திரும்பி வந்து சண்டை போட யாரும் இல்லை என்ற தைரியம்தான் அவர்களுக்கு. நாங்களும் மறுநாள் ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டோம்.

போகிறவர்கள் லா பாசிலோ சுக்ரேயிலோ நாலைந்து நாள் உடம்பைப் பழக்கிக்கொள்ளுங்கள். மலைநோயைத் தடுக்க எடுக்கும் டயாமாக்ஸ் மாத்திரை பற்றி ஊரிலேயே டாக்டரிடம் கேளுங்கள். யார் வண்டி, எத்தனை பேர், என்னென்ன தருவார்கள் என்பதை ரசீதில் ஸ்பானிஷில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கிளம்பும் காலையில் டிரைவரிடம் "தோந்தே எஸ்தா எல் ஒக்சிஹெனோ?" என்று கேளுங்கள். ஆக்சிஜன் எங்கே என்று பொருள். சிலிண்டரைக் காட்டினால் போதாது. உங்கள் கண்முன் வால்வைத் திருகச் சொல்லுங்கள். காற்றுச் சத்தம் கேட்காவிட்டால் பையை வண்டியில் ஏற்றாதீர்கள்.