ரிசீவர் வழியாகவே படம் பார்த்த ஐந்து வருடம்

ஐந்து வருடமாக ப்ளூ-ரே பிளேயர், ஸ்ட்ரீமிங் பெட்டி, இரண்டு வருடம் முன்பு வரை கேம் கன்சோல் என எல்லாமே முதலில் ரிசீவருக்குள் (ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்கும், படத்தை டிவிக்கும் அனுப்பும் பெட்டி) போய், அங்கிருந்து ஒரே ஒரு எச்டிஎம்ஐ கேபிளில் டிவிக்குப் போகின்றன. டிவிக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவுகிற வேலை அதோடு போயிற்று. இன்புட்டை மாற்றினால் படமும் ஒலியும் சேர்ந்தே மாறும். இந்த ஒரு சௌகரியத்துக்காகவே இப்படி இணைப்பேன்.

ஆனால் முதல் சில மாதங்கள் நான் பார்த்தது அரைகுறைப் படம். ஒரு நாள் 4கே டிஸ்க் ஒன்றில் அந்தி வானம் வந்தது. ஆரஞ்சிலிருந்து நீலத்துக்கு இழைந்து போகவேண்டிய நிறம் பட்டை பட்டையாக நின்றது. டிவியின் மூலையில் வரவேண்டிய எச்டிஆர் (வெளிச்சமும் நிறமும் இன்னும் விரிவாகத் தெரியும் படம்) அடையாளமும் இல்லை. கேபிளை மாற்றினேன், பலனில்லை. ரிசீவரை எடுத்துவிட்டு, டிவியின் அதே போர்ட்டில் பிளேயரை நேராகச் செருகினேன். எச்டிஆர் வந்துவிட்டது! அப்படியென்றால் கோளாறு டிவியில் இல்லை, நடுவில்தான்.

ரிசீவர் மெனுவைக் குடைந்தபோது 4கே சிக்னல் ஃபார்மேட் என்று ஒரு வரி. அதில் 'ஸ்டாண்டர்டு' என்று இருந்தது. எதிரில் உள்ள கருவி எதையெல்லாம் வாங்கிக்கொள்ளும் என்கிற பட்டியலைப் படித்துவிட்டுத்தான் பிளேயர் படத்தை அனுப்பும். இடிஐடி என்பது அந்தப் பட்டியல்தான். நடுவில் இருக்கும் ரிசீவர், டிவி தந்த பட்டியலில் தன்னால் கடத்த முடியாததை எடுத்துவிட்டு மிச்சத்தைத்தான் பிளேயருக்குக் காட்டும். 'என்ஹான்ஸ்டு' என்று மாற்றியதும் 18 ஜிபிபிஎஸ் (விநாடிக்கு 18 ஜிகாபிட்) வரை வழி திறந்தது. அதே வானம் இந்தத் தடவை பட்டையே இல்லாமல் கரைந்து போனது. அந்தக் காட்சியை மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். பல டிவிகளிலும் ஒவ்வொரு போர்ட்டுக்கும் இதே மாதிரி ஒரு செட்டிங் உண்டு, அதையும் பார்த்துவிடுங்கள்.

கன்சோல் விஷயம் வேறு. என் ரிசீவர் எச்டிஎம்ஐ 2.0 பதிப்பு, 4கே 120 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 120 படங்கள்) அதன் வழியே போகாது. அதனால் இரண்டு வருடமாகக் கன்சோல் மட்டும் நேராக டிவியில் இருக்கிறது, ஒலி ஈஆர்க் (டிவியிலிருந்து அதே எச்டிஎம்ஐ கேபிளில் ஒலியைத் திருப்பி அனுப்பும் வசதி) வழியாக ரிசீவருக்குத் திரும்பி வருகிறது. பழைய ஆர்க்கில் சுருக்கிய சரவுண்ட் ஒலிதான் வரும். ஈஆர்க்கில் சுருக்காத 7.1 சேனல் ஒலி கூட வரும். டிவியின் ஆடியோ அவுட்புட்டை மறக்காமல் பாஸ்த்ரூவில் (ஒலியை மாற்றாமல் அப்படியே கடத்துவது) வையுங்கள். இல்லாவிட்டால் வெறும் ஸ்டீரியோதான் கேட்க நேரலாம்.

ரிசீவரின் அப்ஸ்கேலிங்கை (குறைந்த தெளிவுள்ள படத்தை 4கே அளவுக்குப் பெரிதாக்குவது) அணைத்துவிட்டேன்; என் கண்ணுக்கு டிவி செய்வதே மேல். ரிசீவர் அணைந்திருந்தாலும் சிக்னலை டிவிக்குக் கடத்தும் ஸ்டேண்ட்பை பாஸ்த்ரூவைப் போட்டு வைத்திருக்கிறேன். வீட்டில் மற்றவர்கள் செய்தி பார்க்க ரிசீவரை ஆன் செய்ய வேண்டியதில்லை. மின்சாரம் கொஞ்சம் கூடுதலாகப் போகும், பரவாயில்லை. இன்புட் மாற்றும்போது திரை இரண்டு மூன்று விநாடி கறுப்பாகிறது. அது முதல் நாளிலிருந்தே அப்படித்தான், பழகிவிட்டது.

அடுத்த ரிசீவருக்கு எச்டிஎம்ஐ 2.1 என்ற எண்ணை மட்டும் நம்பப் போவதில்லை. அந்தப் பெயரிலேயே 24, 40, 48 ஜிபிபிஎஸ் என்று பல அளவுகளில் வருகின்றன; சிலவற்றில் எல்லாப் போர்ட்டுக்கும் அந்த வேகம் இருக்காது. கையேட்டைத் திறந்து, எந்தப் போர்ட்டுக்கு எவ்வளவு என்று பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன்.