ஜூரியா, ஒற்றை நீதிபதியா?

பாரிமுனையில் ஹைகோர்ட்டின் சிவப்புக் கட்டடத்தைத் தாண்டும்போதெல்லாம் எனக்குத் தியாகராஜ பாகவதர் ஞாபகம்தான் வரும். பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1945இல் அங்கே உட்கார்ந்த ஜூரி, அதாவது தீர்ப்புச் சொல்லப் பொதுமக்களிலிருந்து எடுத்த குழு, அவரையும் என்.எஸ். கிருஷ்ணனையும் குற்றவாளிகள் என்றது. ஆயுள் தண்டனை. வழக்கு, அப்போது கடைசி அப்பீல் கோர்ட்டாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி, 1947இல் அதே ஹைகோர்ட்டில் விடுதலை. அதற்குள் இரண்டு வருஷத்துக்கு மேல் சிறை.

ஜூரி வேண்டாம் என்பவர்கள் இதை எடுத்துப்போடுவதில் நியாயம் இருக்கிறது. ஜூரி ஒரே வார்த்தையில் முடித்துவிடும். எந்தச் சாட்சியை நம்பினார்கள், எதைத் தள்ளினார்கள் என்று காகிதத்தில் இருக்காது. ஒற்றை நீதிபதியோ காரணம் எழுதியாக வேண்டும்; அப்பீலில் வக்கீல் விரல் வைத்துக் காட்ட ஒரு பாராவாவது கிடைக்கும். இந்த விஷயத்தில் என் ஓட்டு நீதிபதிக்குத்தான்.

அப்புறம், பம்பாயின் நானாவதி வழக்கு; மனைவியின் காதலனைச் சுட்டுக் கொன்ற கடற்படை அதிகாரி அவர். 1959இல் ஜூரி எட்டுக்கு ஒன்று என்று அவரைக் குற்றமற்றவர் என்றது. ஹைகோர்ட் அதை ஒதுக்கித் தண்டித்தது. அந்த வழக்கால்தான் ஜூரி ஒழிந்தது என்பது பாதிக் கதை. சட்டக் கமிஷன் 1958லேயே ஒழிக்கச் சொல்லிவிட்டது. 1973இல் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம் ஜூரிக்கு இடமே தரவில்லை.

சரி, அதோடு என்ன போயிற்று? ஒரு அடிதடி வழக்கில் நான் சாட்சி. மூன்று வருஷத்தில் ஏழு தடவை அரைநாள் லீவு போட்டுப் போனேன். ஆறு தடவை வாய்தா. ஏழாவது தடவை கூண்டில் ஏறியபோது நீதிபதியே மாறியிருந்தார்; அடித்தவன் போட்டிருந்த சட்டையின் நிறம் எனக்கு மறந்துபோயிருந்தது. சாட்சி விசாரணை தொடங்கினால் நாள்தோறும் நடக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்பது பேரை வேலைவெட்டியை விட்டு உட்கார வைத்திருந்தால் எவன் ஆறு வாய்தா கேட்பான்? எத்தனை பேர் ஜூரி, யார் ஜூரி என்று வாதாடுகிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

இன்னொன்று, அரசே ஒருவரை உள்ளே தள்ளத் துடிக்கும் வழக்கு. நீதிபதிக்கு இடமாற்றம் உண்டு, பதவி உயர்வு உண்டு. ஜூரியில் இருந்தவர் மறுநாள் கடையைத் திறக்கப் போய்விடுவார். அவரிடம் பறிக்க எதுவும் இல்லை. இங்கிலாந்து, அமெரிக்கா மாதிரி ஜூரி இருக்கிற நாடுகள் அதைச் செலவு, தாமதம் என்று சொல்லி விட்டுக்கொடுத்துவிடக் கூடாது என்று நான் நினைப்பது இதற்காகத்தான். போனால் திரும்ப வராது; நம்மிடம் வரவில்லையே.

இங்கே ஜூரியைப் பழையபடி கொண்டுவரலாமா என்றால், வேண்டாம் என்பேன். ஜப்பான் 2009இல் தொடங்கிய ஏற்பாடு தேவலை. பெரிய குற்ற வழக்குகளில் மூன்று நீதிபதிகளும் ஆறு பொதுமக்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்து முடிவெடுப்பார்கள். தண்டிக்க வேண்டுமானால் பெரும்பான்மையில் ஒரு நீதிபதியாவது இருக்க வேண்டும். தீர்ப்பில் காரணமும் இருக்கும்.

சென்னைக்கு இது அடியோடு அந்நியமும் இல்லை. பார்சிகளின் திருமண வழக்குகளுக்கு நீதிபதியோடு ஐந்து பிரதிநிதிகள் உட்கார்ந்து முடிவு சொல்ல இன்றும் சட்டத்தில் இடமிருக்கிறது. அதற்கான தலைமை நீதிமன்றங்களில் ஒன்று இதே ஹைகோர்ட்டுக்குள்தான்.