மான் கொம்பின் மதிப்பெண்ணில் உடன்பாடில்லையா? மூன்று வழிகள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் வெண்வால் மானின் கொம்புக்கு மதிப்பெண் போடுவதில் பூன் அண்ட் கிராக்கெட் கிளப் என்ற வேட்டை அமைப்பு 1950இல் ஏற்ற முறைக்கே மரியாதை அதிகம். கொம்பு 60 நாள் காய்ந்த பிறகு, எட்டில் ஒரு அங்குலம்வரை பார்த்து அளப்பார்கள். தண்டு (ஒவ்வொரு பக்கக் கொம்பின் முதன்மைப் பகுதி), அதன் கிளைகள், இரு தண்டுகளுக்கு இடையிலான உள் அகலம் ஆகிய அளவுகளைக் கூட்டி, இரு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கழிப்பார்கள். கிளைகள் ஒழுங்காக அமைந்த இயல்பு வகைக்கு 170 அங்குலம், ஒழுங்கற்ற கிளைகள் மிகுந்த இயல்பு மீறிய வகைக்கு 195 வந்தால் நிரந்தரச் சாதனைப் பட்டியலில் இடம். கிடைத்த எண்ணை ஏற்க மனமில்லாதவர் மறுபடி அளக்கச் சொல்லலாம், வகையை மாற்றலாம், இல்லையென்றால் வேறு அமைப்பிடம் போகலாம்.

மறு அளவீட்டுக்குப் போகுமுன் மதிப்பெண் தாளை வரிவரியாகப் படியுங்கள். சண்டை டேப் காட்டிய நீளத்தைப் பற்றியது என்றால், பெரும்பாலும் அலைச்சல்தான் மிச்சம். 170க்கு மயிரிழையில் தவறியவருக்கு மட்டும் அது பலன் தரலாம்.

ஒரு கிளையை 'இயல்பற்றது', அதாவது வழக்கமான முறையில் முளைக்காதது, என்று எழுதியிருந்தால் கதையே வேறு; இயல்பு வகையில் அதன் நீளம் கழிந்துவிடும். இரு பக்கமும் தண்டின் கடைசிக் கிளை 6 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் இயல்பானவை என்றால் 12 சேரும். வலது கிளை இயல்பற்றது என்று முடிவானால் அதன் 6 சேராது, அதோடு 6 கழியவும் செய்யும். இடது கிளைக்கு ஜோடி இல்லாததால் அதன் 6 ஒருபுறம் சேர்ந்து, வித்தியாசம் என்று மறுபுறம் கழிந்துவிடும். ஒரே ஒரு தீர்ப்பில் 18 அங்குலம் போயிற்று! 2006இல் விஸ்கான்சினில் சுடப்பட்ட மான் ஒன்று, 1993இல் சஸ்காச்சுவானில் பதிவான 213 5/8 என்ற உலகச் சாதனையை முறியடிக்குமா என்ற பெரிய சர்ச்சையும் இப்படி ஒரு கிளையின் அடிப்பகுதியைப் பற்றியதுதான். இந்த மாதிரி வழக்கில் இன்னொரு அனுபவசாலியின் கண் கட்டாயம் வேண்டும். அளப்பவர்கள் கட்டணம் வாங்காத தன்னார்வலர்கள், ஆகவே கேட்கத் தயங்க வேண்டாம். உச்ச மதிப்பெண்களை நடுவர் குழு எப்படியும் மறுபடி அளக்கும்.

வகை மாற்றம் எளிது. இயல்பு மீறிய வகையில் அந்தக் கிளைகள் கழிவதற்குப் பதில் கூடும். ஆனால் தாண்ட வேண்டிய கோடு 25 அங்குலம் மேலே இருக்கிறது. இயல்பற்ற கிளைகள் நிறைய உள்ள கொம்புக்கே இது சரிப்படும்.

மூன்றாவது வழியில் எனக்கு மனம் ஒப்பவில்லை. சஃபாரி கிளப் இன்டர்நேஷனல் இரு பக்க வித்தியாசத்தைக் கழிப்பதில்லை. பக்மாஸ்டர்ஸும் கழிக்காது, ஆனால் தண்டுகளுக்கு இடையிலான உள் அகலத்தை அதிகாரப்பூர்வ மதிப்பெண்ணில் சேர்க்காது. மான் வளர்த்த ஒவ்வொரு அங்குலத்துக்கும் மதிப்பு வேண்டும் என்ற அவர்கள் வாதத்தில் நியாயம் இருக்கிறது, அதை நான் மதிக்கிறேன். ஆனாலும் அங்கே எண் கூடியதால் முதல் அளவீடு தவறு என்று ஆகிவிடாது. அளவுகோலே வேறு.

எந்த வழியில் போனாலும் மண்டையோட்டை அறுத்துப் பிரித்துவிடாதீர்கள். உள் அகலத்தைச் சரிபார்க்க முடியாமல் போகும் என்பதால் அப்படிப்பட்ட கொம்பை பூன் அண்ட் கிராக்கெட் ஏற்பதே இல்லை.