‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ வினைல்: முதல் பக்கத்தின் கடைசி நாலே முக்கால் நிமிடம்

நண்பர் ஒருவர் புதிதாக டர்ன்டேபிள் (ரெக்கார்டு பிளேயர்) வாங்கியிருக்கிறார். முதல் ராக் ரெக்கார்டாக பிரிட்டிஷ் இசைக்குழு பிங்க் ஃப்ளாய்டின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ வாங்கலாமா, இத்தனை வருடம் கேட்டதில் என்ன தெரிந்தது என்று கேட்டார். 1973 மார்ச்சில் வந்த ஆல்பம், அபே ரோடு ஒலிப்பதிவு, அட்டையில் முப்பட்டகமும் ஆறு நிற ஒளியும். இதெல்லாம் அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். இந்த ரெக்கார்டில் ஒரே ஒரு இடம் விடாமல் தொல்லை கொடுக்கும்: முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு, ‘தி கிரேட் கிக் இன் தி ஸ்கை’.

குழுவின் கீபோர்டுக்காரர் ரிச்சர்ட் ரைட்டின் பியானோ நிதானமாக ஆரம்பிக்கும். பிறகு கிளேர் டாரியின் குரல் எழும். ஒரு சொல்லும் கிடையாது, வெறும் குரல்தான். 1973 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டுடியோவுக்கு வந்து 30 பவுண்டு கூலிக்குப் பாடிவிட்டுப் போனவர் அவர். முப்பது வருடத்துக்கு மேல் கழித்து வழக்குப் போட்டு, 2005-ல் சமரசமாகி, ரைட்டோடு சேர்த்து அவர் பெயரும் பாட்டை உருவாக்கியவராகப் போடப்பட்டது. அந்தக் குரல் உச்சிக்கு ஏறும் இடத்தில், சரியாக அமைக்காத டர்ன்டேபிளில், ஓரத்தில் தாள் கிழிவதுபோல ஒரு கரகரப்பு ஒட்டிக்கொள்ளும். அவர் பாடியதே அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு வருடக்கணக்கில் கேட்பவர்கள் உண்டு. அதே இடத்தை சிடியில் போட்டுப் பாருங்கள். குரல் உடையும் இடத்தில் உடைகிறது, ஆனால் கரகரப்பு இல்லை.

காரணம் எளிய கணக்கு. ரெக்கார்டுத் தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றுகிறது. வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் நொடிக்குச் சுமார் 51 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது. லேபிளுக்குப் பக்கத்தில், மையத்திலிருந்து 60 மி.மீ. தூரத்தில், அது சுமார் 21 சென்டிமீட்டராகக் குறைந்துவிடும். அதே ஒலியை பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி எழுத வேண்டும். 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை வெளியில் 51 மைக்ரான் (மி.மீ.-ல் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) நீளம் என்றால் உள்ளே 21 மைக்ரான்தான். ஊசிமுனை தடியாக இருந்தால் அந்த வளைவுக்குள் நுழையாமல் மேலே உரசிக்கொண்டு போகும். நமக்குக் கேட்கும் கரகரப்பு அதுதான்.

அதனால்தான் பக்கத்தின் கடைசியில் அடக்கமான பாட்டு இருப்பது நல்லது என்று தட்டு வெட்டும் எஞ்சினியர்கள் விரும்புவார்கள். பிங்க் ஃப்ளாய்ட் இரண்டு பக்கமும் நேர்மாறாகச் செய்திருக்கிறார்கள். முதல் பக்கம் டாரியின் குரலில் முடிகிறது, இரண்டாம் பக்கம் ‘எக்லிப்ஸ்’ என்ற முழுக்கோரஸில் முடிகிறது. ஆனால் அந்த வரிசையை மாற்ற முடியாது. ‘ப்ரீத்’ என்று மூச்சில் தொடங்கி, ‘ஆன் தி ரன்’, ‘டைம்’ என்று ஓட்டம், காலம் வழியாகப் போய், சாவைப் பற்றிய இந்தப் பாட்டில் நிற்கிறது முதல் பக்கம். அந்தப் பாட்டு வேறெங்கே இருக்க முடியும்? முதல் பக்கம் 19 நிமிடத்தை ஒட்டியே இருப்பதால், கடைசிவரை உள்ளே போகாமல் லேபிளுக்கு வெளியே நல்ல இடைவெளி விட்டு நிறுத்த வாய்ப்பு உண்டு. இரண்டாம் பக்கம் இருபத்துமூன்றரை நிமிடம், அங்கே அந்தச் சலுகை கிடையாது. இருந்தும் தொல்லை முதல் பக்கத்தில்தான் அதிகம் உறைக்கும். ‘எக்லிப்ஸ்’ பாட்டில் ஆர்கன், கிடார், கோரஸ் எல்லாம் சேர்ந்து கரகரப்பை மூடிவிடும். டாரியின் குரலுக்குப் போர்வை எதுவும் இல்லை.

இதைச் சரிசெய்ய முடியும். முதலில் ஊசியின் பாரம். கண்ணால் பார்த்தோ, டோன்ஆர்மின் (ஊசியைத் தாங்கும் கை) பின்முனை எடையில் உள்ள எண்ணை நம்பியோ வைக்காதீர்கள். 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு மலிவாகவே கிடைக்கிறது. ஆடியோ-டெக்னிகா விஎம்95 வரிசை கார்ட்ரிட்ஜுக்கு (ஊசி செருகியிருக்கும் சின்னப் பெட்டி) 1.8 முதல் 2.2 கிராம் வரை வைக்கலாம். இந்தத் தட்டுக்கு 2.0-க்குக் கீழே இறங்க வேண்டாம். பாரம் கம்மியாக வைத்தால் தட்டு தேயாது என்ற நினைப்பு நிறையப் பேரைக் கெடுத்திருக்கிறது. கம்மியான பாரத்தில் ஊசி பள்ளத்தின் சுவரை விட்டு எகிறி எகிறி விழும். தட்டைக் கெடுப்பது அந்த அடிதான்.

அடுத்தது கார்ட்ரிட்ஜின் கோணம். ஊசி ஒரு வில்லில் நகர்கிறது, ஆனால் தட்டை வெட்டிய கருவி நகர்ந்தது நேர்கோட்டில். அதனால் இரண்டே இடத்தில்தான் கோணம் துல்லியமாக அமையும். கோணம் அமைக்கும் பேர்வால்ட் முறைப்படி அவை மையத்திலிருந்து 66.0 மற்றும் 120.9 மி.மீ. தூரத்தில் வரும். அட்டையில் அச்சடித்த புரோட்ராக்டரை (கோணம் பார்க்கும் கட்டம்) விரித்து, கார்ட்ரிட்ஜ் மாட்டியிருக்கும் ஹெட்ஷெல்லின் இரண்டு திருகையும் தளர்த்தி, இரண்டு புள்ளியிலும் கார்ட்ரிட்ஜின் பக்கங்கள் கட்டங்களுக்கு இணையாக நிற்கும்வரை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஒரு புள்ளியில் சரியாகி இன்னொன்றில் தவறினால், கோணத்தை மட்டும் திருப்பாமல் தூரத்தையும் மாற்ற வேண்டும். அச்செடுக்கும்போது அளவு சுருங்கியிருக்கிறதா என்று முதலில் ஸ்கேலால் பார்த்துவிடுங்கள், பாதிப் பேர் தவறுவது இங்கேதான். திருகை இறுக்கியபின் பாரத்தை மறுபடி நிறுத்துப் பாருங்கள். கார்ட்ரிட்ஜ் நகர்ந்தால் பாரமும் மாறியிருக்கும்.

மூன்றாவது ஆன்டி-ஸ்கேட்டிங், அதாவது டோன்ஆர்ம் மையத்தை நோக்கி இழுபடுவதைத் தடுக்கும் எதிர்விசை. டாரி பாடும்போது இரண்டு காதையும் தனித்தனியாகக் கவனியுங்கள். கரகரப்பு வலது ஸ்பீக்கரில் மட்டும் என்றால் கை உள்பக்கம் இழுபடுகிறது, ஆன்டி-ஸ்கேட்டிங்கைக் கொஞ்சம் கூட்டுங்கள். இடதில் மட்டும் என்றால் குறையுங்கள். இரண்டிலும் சமமாக வந்தால் பாரமோ கோணமோ ஊசிமுனையோதான் காரணம்.

இவ்வளவும் செய்து கரகரப்பு போகவில்லையென்றால் ஊசியின் வடிவத்தை மாற்ற வேண்டியதுதான். விஎம்95இ-யில் வருவது நீள்வட்ட முனை, பக்க ஆரம் 8 மைக்ரானை ஒட்டி இருக்கும். விஎம்95எம்எல்-லில் மைக்ரோலீனியர் முனை, ஏறத்தாழ 3 மைக்ரான். உடல் ஒன்றுதான், ஊசியை மட்டும் உருவிவிட்டு மற்றதைச் செருகலாம். அந்த மாற்றத்தைக் கேட்டு ஒப்பிட இந்தப் பாட்டைவிட நல்ல சோதனை எனக்குத் தெரிந்து இல்லை. குரல் உச்சிக்கு ஏறி, தளர்ந்து, முனகலாக இறங்கும்போது பின்னால் ஆர்கன் எங்கே நிற்கிறது என்பது வரை கேட்கும். ஏற்கெனவே தடித்த ஊசியால் உழப்பட்ட பழைய தட்டு என்றால் மட்டும் எந்த ஊசியும் காப்பாற்றாது. பள்ளத்தின் சுவரே சிதைந்திருக்கும்.

கடையில் திருப்பிக் கொடுக்க வேண்டிய குறை ஒன்று உண்டு: மையம் தப்பிய துளை. தட்டு சுற்றும்போது டோன்ஆர்மை மேலிருந்து பாருங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் அது இடமும் வலமுமாக ஆடினால் துளை நடுவில் இல்லை. அரை மி.மீ. தப்பினால்கூட உள்பக்கத்தில் சுருதி ஏறத்தாழ 0.8 சதவீதம் மேலும் கீழும் போகும். தாளம் ஓங்கிய பாட்டில் இது தெரியாது. ரைட்டின் பியானோ ஸ்வரம் நீளமாக நிற்கும்போது தண்ணீரில் மிதப்பதுபோல அலையும். டாரியின் பாட்டுக்கு முன்னால் வரும் அந்தப் பியானோவை மட்டும் ஒரு தடவை கேட்டால் போதும், குறை தெரிந்துவிடும். விலை கொடுத்து வாங்கும் புதுத் தட்டில் இந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ள எந்த நியாயமும் இல்லை. ‘வினைல்னா அப்படித்தான்’ என்று சமாதானம் சொல்பவர்களிடம் வாதாடாமல் மாற்றிக் கேளுங்கள்.

தட்டின் ஆரம்பமும் லேசுப்பட்டதல்ல. இதயத்துடிப்பு நிசப்தத்திலிருந்து மெல்ல மெல்ல எழுகிறது. உண்மையான இதயம் அல்ல, குழுவின் டிரம்மர் நிக் மேசனின் பாஸ் டிரம்மில் செய்தது. தூசு, நிலைமின்சாரம், மோட்டார் உறுமல், எல்லாம் அந்த முதல் நிமிடத்தில் அம்பலமாகும். டர்ன்டேபிளும் ஸ்பீக்கரும் ஒரே பலகையில் இருந்தால் அந்தத் துடிப்பு பலகை வழியாக ஊசிக்கே திரும்பி வந்து ‘ஹூம்’ என்று வளரும். சோதிக்க: மோட்டாரை நிறுத்தி, நிற்கும் தட்டின்மேல் ஊசியை இறக்கி, வால்யூமை வழக்கமான அளவுக்கு வைத்து, பலகையை விரல் முட்டியால் தட்டுங்கள். ஸ்பீக்கரில் ‘தொம்’ என்று கேட்டால் டர்ன்டேபிளை அங்கிருந்து எடுத்துவிடுங்கள். சுவரில் அடித்த தனிப்பலகை நல்லது.

தட்டைக் கழுவுவதற்குக் காய்ச்சி வடித்த தண்ணீர் (டிஸ்டில்டு வாட்டர்) மூன்று பங்கு, ஐசோபுரோப்பில் ஆல்கஹால் ஒரு பங்கு, ஃபிலிம் கழுவும் ஈரமூட்டித் திரவம் சில துளி. பள்ளம் ஓடும் திசையிலேயே துடைத்து, வெறும் காய்ச்சி வடித்த தண்ணீரால் மறுபடி துடைக்க வேண்டும். போர்வெல் தண்ணீர் வேண்டவே வேண்டாம், காய்ந்தபின் உப்பு பள்ளத்தில் உட்கார்ந்துவிடும். இதே கலவையை 78 ஆர்பிஎம் அரக்குத் தட்டில் போட்டால் தட்டு கரையும், அதையும் நினைவில் வையுங்கள்.

‘டைம்’ பாட்டில் கடிகாரங்கள் அலறும் இடம் எல்லோருக்கும் தெரியும். ஒலிப்பதிவு எஞ்சினியர் ஆலன் பார்சன்ஸ் பழம்பொருள் கடையில் ஒவ்வொரு கடிகாரமாகப் பதிவு செய்தது. அலறலுக்கு முந்தைய அமைதியில் அதே அலறல் மிக மெல்லிய நிழலாக ஒரு சுற்று முன்னாலேயே, அதாவது 1.8 நொடி முன்னால், கேட்கக்கூடும். உரத்த பள்ளம் பக்கத்துப் பள்ளத்தின் சுவரை அழுத்தியதால் வருவது. அது உங்கள் கருவியின் தவறில்லை, எதையும் திருகாதீர்கள்.

இப்போது சந்தோஷமான விஷயம். சிடியில் டாரியின் குரல் அடங்கியதும் ‘மணி’ பாட்டின் சில்லறைச் சத்தம் உடனே வந்து விழும். ரெக்கார்டில் அப்படி நடக்காது. குரல் அடங்குகிறது. எழுந்து போய் ஊசியைத் தூக்கி, தட்டைப் புரட்டி, தூசு தட்டி, மறுபடி வைக்க வேண்டும். அரை நிமிடமாவது ஆகும். சாவைப் பற்றிய பாட்டுக்குப் பிறகு அந்த அரை நிமிடம் வீடு அமைதியாக இருக்கும். அதற்குப் பிறகுதான் காசு: களிமண் குழைக்கும் பாத்திரத்தில் வீசிய நாணயங்கள், கிழிபடும் தாள், கல்லாப்பெட்டி. டேப்பை ஸ்கேலால் அளந்து வெட்டி ஒட்டி ஏழு தாள எண்ணிக்கையாக அமைத்த டேப் வளையம். அந்த ஏழெண்ணிக்கை அறையின் அமைதியை உடைத்துக்கொண்டு தொடங்குவதைக் கேட்க, புரட்டும் வேலையை எத்தனை தடவை வேண்டுமானாலும் செய்யலாம். ஆல்பம் இரண்டு பாதியாகத்தான் செய்யப்பட்டது. அந்த இடைவெளி சிடியிலும் கைபேசியிலும் காணாமல் போய்விட்டது.

எந்த அச்சு வாங்குவது? பிரிட்டனின் முதல் அச்சில் லேபிளின் முக்கோணம் முழு நீலமாக இருக்கும், பட்டியல் எண் எஸ்எச்விஎல் 804. அதற்குச் சேகரிப்பாளர் விலை, கேட்பதற்காக அதைத் தேட வேண்டியதில்லை. 2016-ல் வந்த மறு அச்சை ஜேம்ஸ் கத்ரி, ஜோயல் பிளான்ட், பெர்னி கிரண்ட்மேன் மூவரும் மாஸ்டர் செய்தார்கள், அதாவது அச்சுக்கு முன் ஒலியை இறுதியாகச் சீரமைத்தார்கள். சாதாரணமாகக் கேட்பவருக்கு அது போதும். 180 கிராம் என்று அட்டையில் போட்டிருப்பது எடையைத்தான் சொல்கிறது, ஒலியை அல்ல. பழைய தட்டு என்றால் இரண்டு போஸ்டரும் இரண்டு ஸ்டிக்கரும் உள்ளே இருக்கின்றனவா என்று பாருங்கள், இல்லாவிட்டால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

நண்பருக்கு என் பதில்: இப்போது வாங்காதீர்கள். இத்தனை புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்வது சரியில்லை என்று தோன்றலாம். ஆனால் டர்ன்டேபிளோடு வந்த கூம்பு முனை ஊசியில் டாரியின் குரலைக் கேட்டு, ‘இதற்கா இவ்வளவு பேச்சு’ என்று நீங்கள் தட்டை அலமாரியில் செருகிவிடுவதை நினைத்தால் கோபம்தான் வருகிறது. முதலில் நல்ல ஊசி, தராசு, புரோட்ராக்டர். தட்டு அடுத்த மாதம்.

வாங்கியபின் ஒன்று. இரண்டாம் பக்கத்தின் முடிவில் இதயத்துடிப்பு மறுபடி வந்து தேய்ந்து தேய்ந்து மறையும். தானாகக் கை தூக்காத டர்ன்டேபிள் என்றால் பாட்டு முடிந்ததா இல்லையா என்றே தெரியாது. காது கொடுத்துக் கேளுங்கள். துடிப்பு நின்று, 1.8 நொடிக்கு ஒருமுறை ‘டிக்’ என்று மட்டும் வந்தால் ஊசி கடைசி வளையத்தில் சுற்றுகிறது. எழுந்து போய்த் தூக்கிவிடுங்கள்.