ஒரு ராத்திரி தங்க: தரங்கம்பாடியா, பூம்புகாரா?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து நாகப்பட்டினம் பக்கம் காரில் போகிறவர்கள், நடுவில் சத்தமில்லாத ஒரு கடலோர ஊரில் தங்க நினைத்தால் இந்த இரண்டு பெயர்களும்தான் முதலில் வரும். இரண்டுமே மயிலாடுதுறை மாவட்டம், பக்கத்துப் பக்கத்து ஊர்கள்.

தங்குவதற்கு என் ஓட்டு தரங்கம்பாடிக்கு. அதை முழுக்க நடந்தே பார்க்கலாம். டேனிஷ்காரர்கள் 1792-இல் கட்டிய வெள்ளை நுழைவாயிலைத் தாண்டி ராஜ வீதியில் நேரே நடந்தால் கடல் வந்துவிடும். வழியில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1718-இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம். அவர் தமிழில் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-இல் அச்சேறி முடிந்ததும் இந்தச் சின்ன ஊரில்தான். தெருக்கோடியில், 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி டேனிஷ்காரர்கள் கட்டிய டேன்ஸ்போர்க் கோட்டை. கீழ்த்தளத்து வளைவுக்கூரை அறைகளுக்குள் போய் நின்று பாருங்கள், வெளியே அடிக்கிற வெயில் மறந்துபோகும். அப்புறம் கோட்டைக்கு வடக்கே, கடலை ஒட்டி மாசிலாமணிநாதர் கோயில். பாண்டியர் காலத்துக் கோயில். முன்பகுதியை அலை கொண்டுபோய்விட்டது. கரையில் கொட்டியிருக்கும் பாறைகளைப் பார்த்தால் இந்த ஊர் கடலோடு எப்படிப் போராடிக்கொண்டிருக்கிறது என்று புரியும். அதைப் பார்க்காமல் திரும்பாதீர்கள்.

பூம்புகார் வேறு மாதிரி. பழைய துறைமுகத்தில் கண்ணுக்குத் தெரிவது கொஞ்சம்தான்: கீழையூரில் செங்கல் படகுத்துறை, மேலையூர்ப் பக்கம் புத்த விகாரத்தின் அடித்தளம். மிச்சத்தை மனசுதான் கட்டிக்கொள்ள வேண்டும். சிலப்பதிகாரம் படித்தவருக்கு அதுவே பெரிய அனுபவம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட வந்தால், கோவலன் கண்ணகி கதையைச் சிற்பங்களாகச் சொல்லும் கலைக்கூடத்துக்காகவே போகலாம். திறந்திருக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். காவிரி கடலில் கலப்பதைப் பார்க்க ஆசையென்றால் கோடையில் போகாதீர்கள், வெறும் மணல்தான் இருக்கும். ஆடிப்பெருக்கு, அமாவாசை நாட்களில் கூட்டம் நெரியும்.

சாப்பாட்டுக்குத் தரங்கம்பாடிக்குள் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். பொறையார் பக்கத்திலேயே இருக்கிறது, காரைக்காலும் தூரமில்லை. இரண்டு ஊரிலும் கடலில் இறங்கிக் குளிப்பதைத் தவிருங்கள், இழுப்பு அதிகம்.

வடக்கிலிருந்து வந்தால் பூம்புகார்தான் முதலில் வரும். மதியம் அங்கே இறங்கிப் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் தரங்கம்பாடி போய்ச் சேர்ந்துவிடுங்கள்.