திபேரியஸ் தினாரியஸ்: அட்டைக்குக் கொடுத்த விலை

லண்டனில் பழங்காசு விற்கும் ஒரு கடையில் ரோமப் பேரரசர் திபேரியஸின் வெள்ளித் தினாரியஸ் வாங்கினேன். அசல் காசுதான், அதில் குறையில்லை. தராசில் 3.7 கிராம் நின்றது. விளிம்பில் வார்ப்பின் தடம் கிடையாது. செம்பின்மேல் வெள்ளி போர்த்திய அக்காலக் கள்ளக்காசு என்று சந்தேகிக்க ஒரு பச்சைப் புள்ளிகூட இல்லை. ஆனால் 420 பவுண்டுக்குத் தகுமா? தகாது.

விலையை ஏற்றுவது பெட்டியில் உள்ள அட்டை. இயேசு வாங்கிப் பார்த்த வரிக்காசு இதுவே என்று அதில் அச்சிட்டிருக்கிறார்கள். சுவிசேஷம் காசில் இருப்பது இராயன், அதாவது ரோமப் பேரரசர், உருவம் என்கிறதே தவிர, எந்த இராயன் என்று சொல்லவில்லை. திபேரியஸ் ஆண்டது கி.பி. 14 முதல் 37 வரை. காலம் பொருந்துகிறது, அவ்வளவுதான். அபூர்வமும் அல்ல. லியோன் (இன்றைய பிரான்ஸ்) அக்கசாலையில், அதாவது நாணயம் அடிக்கும் சாலையில், ஆண்டுக்கணக்கில் இதே உருவத்தை அடித்துத் தள்ளினார்கள்.

முன்புறம் இலைமாலை சூடிய தலை. சுற்றிலும் ‘தெய்வ அகஸ்டஸின் மகன்’ என்ற பெருமை. முந்தைய பேரரசர் அகஸ்டஸுக்கு அவர் பெற்ற பிள்ளையல்ல, தத்துப்பிள்ளை. மறுபுறம் ஒரு பெண் கோலும் கிளையும் ஏந்தி அமர்ந்திருக்கிறாள். தாய் லிவியா என்பார்கள். காசில் அவள் பெயர் கிடையாது, பேரரசரின் தலைமைப் பூசாரிப் பட்டம்தான் உண்டு. என் காசில் அச்சு விலகி விழுந்து நாற்காலிக் கால்கள் விளிம்புக்கு வெளியே போய்விட்டன. கடையின் படத்தில் அந்த இடத்தில் வசதியாக ஒரு நிழல்! போதாததற்கு, காலத்தின் கருமையைச் சுரண்டிப் புதுக் கொலுசு போலப் பளபளக்க வைத்திருக்கிறார்கள்.

அதே தட்டில் ஏறக்குறைய பாதி விலைக்கு அகஸ்டஸின் தினாரியஸ் ஒன்று இருந்தது. நீங்கள் வாங்குவதானால் அதை வாங்குங்கள். பின்புறத்தில் பேரன்கள் காயஸும் லூசியஸும் கேடயத்தில் கை வைத்து நிற்கிறார்கள், பின்னால் ஈட்டிகள். மேலே பூசாரியின் அகப்பையும் சகுனம் பார்க்கும் நிமித்திகரின் வளைகோலும்: மூத்தவன் பூசாரி, இளையவன் நிமித்திகன். தாத்தா தத்தெடுத்து வாரிசாக வளர்த்த இருவரும் அவருக்கு முன்பே, கி.பி. 2லும் 4லும் இறந்துபோனார்கள். அதனால்தான் திபேரியஸுக்கு அரியணையும் காசில் முகமும் கிடைத்தன. கோயம்புத்தூர் வட்டாரப் புதையல்களிலும் இந்த இரு வகைகளே மிகுதி.

கடைக்காரர் அசல் என்று பில்லில் எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தார். அது நல்ல வழக்கம். திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்றதற்கு, மாற்றுக் காசு தரலாம், பணம் கிடையாது என்றார். மாற்றுவதாகத்தான் இருக்கிறேன், காயஸும் லூசியஸும் இன்னும் விற்காமல் இருந்தால்.