எங்க ஏரியா கேபிள்காரர் ஃபைபர் நெட், எட்டு மாசம் யூஸ் பண்ணிட்டு எழுதறேன்

மடிப்பாக்கத்துல இருக்கோம். முன்னாடி இருந்த கனெக்‌ஷன் பேர் வேணாம், எதிர்வீட்டு மொட்டமாடில ஒரு நெட் ஸ்விட்ச் (ஒரு லைன பல வீட்டுக்கு பிரிக்கற, கரண்ட்ல ஓடற பொட்டி) வச்சு அங்கேர்ந்து லேன் வயர் இழுத்து குடுத்திருந்தாங்க, அந்த வீட்டுல கரண்ட் போனா நம்ம நெட்டும் போயிடும், கம்ப்ளைன்ட் பண்ணா டிக்கெட் நம்பர் மெசேஜ் வரும், ஆள் மட்டும் வரவே மாட்டாங்க. பொண்ணு ஆன்லைன் டெஸ்ட் எழுதறப்ப பாதில கட் ஆகி அவ அழுத அன்னைக்கே மாத்திட்டேன்.

இப்ப 100 எம்பிபிஎஸ் பிளான், வரி சேத்து மாசம் 700 சொச்சம். வயர்ல போட்டு பாத்தா 90-க்கு கீழ இறங்கினதில்ல. பெட்ரூம் வைஃபைல 40 தான் வருது, அதுக்கு அவங்கள சொல்லி குத்தமில்ல, 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் ரெண்டு செவுரு தாண்டினாலே செத்துடும்.

ஆனா ஸ்பீடுக்காக இத எழுதல. நவம்பர் மழைல முருங்கை கிளை ஒடிஞ்சு கேபிள் மேல விழுந்து, வீட்டு நெட் பாக்ஸ்ல எல்ஓஎஸ் லைட் (சிக்னல் வரலன்னு காட்டறது) செகப்பா எரிய ஆரம்பிச்சுது. ராத்திரி போன் பண்ணேன், காலைல எட்டரைக்கெல்லாம் லைன்மேன் தம்பி ஏணியோட வந்து நிக்கறார். கேபிள்ல வர்ற வெளிச்சத்த அளக்கற மீட்டர வச்சா மைனஸ் 31 டிபிஎம், மைனஸ் கூடக்கூட வெளிச்சம் கம்மின்னு அர்த்தம். மைனஸ் 27, 28-க்கு கீழ போனா பாக்ஸால வெளிச்சத்த படிக்க முடியாதுண்ணேன்னார். கேபிள் கேட் கம்பில மடங்கி இருந்துச்சு, கண்ணாடி இழை அப்படி மடிஞ்சா வெளிச்சம் பக்கவாட்டுல கசிஞ்சிடுமாம்.

மடங்கின இடத்த வெட்டி, மேல் உறைய உரிச்சு, ஸ்பிரிட்ல தொடச்சு, ரெண்டு முனையையும் சின்ன மெஷின்ல வச்சாரு, முடி மாதிரி ரெண்டு இழை ஸ்க்ரீன்ல நேருக்கு நேரா வந்துச்சு, ஒரு பொறி, ஒட்டிக்கிச்சு! திரும்ப மீட்டர் வச்சா மைனஸ் 20.

டீ குடிச்சிட்டே சொன்னார், ஆபீஸ்லேர்ந்து வர்றது ஒத்த இழைதான், கம்பத்துல இருக்கற ஸ்ப்ளிட்டர் அத 32 வீட்டுக்கு பிரிக்குது, வர்ற 2.5 ஜிபிபிஎஸ்ஸ அத்தன பேரும் பங்கு போட்டுக்கறோம். ஸ்ப்ளிட்டருக்கு கரண்டே வேணாம். அதான் தெருவே இருட்டா இருந்தாலும் வீட்டு இன்வெர்டர்ல பாக்ஸ் ஓடினா நெட் ஓடுது, அவங்க ஆபீஸ்லயும் பேட்டரி இருக்கு. பழைய கனெக்‌ஷன்ல பட்ட பாட்டுக்கு எனக்கு இது ஒண்ணே போதும்.

என் கூடப்பொறந்த தம்பி ஆபீஸ் வேலைக்காக சிங்கப்பூர் சர்வருக்கு பிங் (சிக்னல் போய் திரும்பி வர்ற நேரம்) பாத்தான், 37 மில்லிசெகண்ட். சென்னைலேர்ந்து அங்க போற ஐ2ஐ கடல் கேபிளே 3200 கிலோமீட்டர், கண்ணாடிக்குள்ள வெளிச்சம் செகண்டுக்கு ரெண்டு லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும், போய் வரவே 32 ஆகிடும். அப்போ இதுக்கு மேல எவன் குறைக்க முடியும் சொல்லுங்க.

கொற ஒண்ணுதான், பில்லு வாட்ஸ்அப்ல லேட்டா அனுப்பறாங்க. புதுசா போடறவங்க கேபிள கொக்கில இறுக்கி கட்ட விடாதீங்க, கொஞ்சம் லூசா வளைச்சு விட சொல்லுங்க, போட்டு முடிச்சதும் மீட்டர்ல எவ்ளோ வருதுன்னு கேட்டு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.